பௌனே சாத்

"எல்லாரையும் நீ எழுப்புற. உன்னை யாரும்மா எழுப்புறா?"

நாலு வயதில் தமன்னா கேட்ட கேள்வி அது. விஜயராணி அப்போது தோசைக்கு மாவு கரைத்துக்கொண்டிருந்தாள். யோசிக்காமல் சொன்னாள்: "எனக்கு எதுக்குட்டி ஆளு? என் மொபைல் எழுப்பும்."

பிள்ளை அதோடு விட்டுவிட்டது. கேள்வி மட்டும் எங்கேயும் போகவில்லை. ஆறு வருஷம் கழித்து, பள்ளிக்கூடம் திறக்கிற ஜூன் மாதத்து மழையில், அதே வீட்டு வாசலில் வந்து நின்றது.

தாராவியில் அந்தச் சந்து வீட்டில் அண்ணன் தம்பிக்குள் அடுப்பு இரண்டாகி நாளாயிற்று. கீழறையில் மூத்தவன் பூலோகமும் அவன் மனைவி விஜயராணியும் மகள் தமன்னாவும். இரும்பு ஏணி ஏறினால் மேலறை. அங்கே இளையவன் சுடலைக்கண்ணனும் கீதாவும். கீதா திசையன்விளைப் பக்கத்துப் பெண். கல்யாணமாகி வந்து மூன்று வருஷம். மடியில் பிள்ளை இல்லை, வாயில் இந்தி இல்லை. இரண்டுக்கும் சேர்த்து விஜயராணி அவளுக்கு ஒரு பெயர் வைத்திருந்தாள்: ஊர்மூட்டை. ஊரில் கட்டி ரயிலில் ஏற்றி, இங்கே வந்தும் பிரிக்காமல் கிடக்கிற மூட்டை.

விஜயராணி தாராவியிலேயே பிறந்தவள். இந்தியில் சண்டை போடுவாள், மராட்டியில் பேரம் பேசுவாள். தமிழை மட்டும் எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். அதை அவள் ஒரு குறையாக நினைத்ததே இல்லை.

போன வியாழக்கிழமை குழாயடியில் அந்தப் பெயரைச் சந்து முழுக்கக் கேட்கும்படி கத்திவிட்டாள். அன்றைக்கே சுடலைக்கண்ணன், ரயிலில் தூரமாகப் போகவேண்டிய கல்யாணில் ரூம் தேடத் தொடங்கினான்.

"போகட்டுமே," என்றாள் விஜயராணி. "மேல்ரூம் காலியானா என் பிள்ளை உக்காந்து படிப்பா."

சண்டைக்குக் காரணமும் அந்தப் பிள்ளையின் படிப்புதான்.

தமன்னா இந்த வருஷம் ஐந்தாம் வகுப்பு. நாலாவது வரைக்கும் மாட்டுங்கா பள்ளிக்கூடத்தில் மதிய ஷிஃப்ட். ஐந்தாவதிலிருந்து காலை ஷிஃப்டில் கொஞ்சம் இடம் உண்டு. விஜயராணி ஆபீஸ் வாசலில் தவம் கிடந்து அந்த இடத்தை வாங்கியிருந்தாள். ஏப்ரலில்தான் அவளுக்கு மெடிக்கல் ஸ்டோரில் வேலை கிடைத்திருந்தது. மதியம் போனால் இரவுதான் திரும்புவாள். பிள்ளைக்கு மதிய ஷிஃப்ட் என்றால் சாயங்காலம் அழைத்துவர அவள் நம்புகிற ஆள் கிடையாது, வேலையை விடவேண்டியதுதான். முதல் வாரத்தில் ஒரு நாள் லேட்டாக வந்தாலும் பிள்ளையை மதியத்துக்கு மாற்றிவிடுவோம் என்று டீச்சர் முகத்துக்கு நேராகவே சொல்லியிருந்தாள்.

ஆனால் பிள்ளையோ மே மாதம் முழுக்க ஊரில் கிடந்துவிட்டு, ஆந்தையாகத் திரும்பியிருந்தது. நடுராத்திரி வரைக்கும் மொபைல். எழுந்திருக்கும்போது வெயில் சந்துக்குள் வந்து, திரும்பியும் போயிருக்கும்.

இதற்குத் தீர்வு சொல்லப் பள்ளிக்கூடத்தில் ஒரு கூட்டம் போட்டார்கள். ஏசி ஹாலில் ஒரு அம்மாள் திரையில் படம் காட்டினாள். எட்டரைக்கு விளக்கை அணையுங்கள், பிள்ளைக்குத் தனி அறை கொடுங்கள், மெல்லிய இசை போடுங்கள். தனி அறை! விஜயராணி பக்கத்துச் சீட்டில் இருந்த ஆபிதாவைப் பார்த்தாள்; அதே சந்துக்காரி, அவள் மகள் அதீபாவும் தமன்னாவோடுதான் படிக்கிறாள். ஆபிதா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஆனாலும் கூட்டம் முடிந்ததும் விஜயராணி அந்தப் பத்து விதிகளையும் கலரில் பிரிண்ட் போட்டு, லேமினேட் செய்து, ஃப்ரிட்ஜில் ஒட்டினாள். முதல் விதி, படுக்கையில் மொபைல் கூடாது. அதைத் தமன்னாவுக்கு அவள் வாசித்துக் காட்டியதே படுக்கையில் மொபைலைப் பார்த்துக்கொண்டேதான்.

பிள்ளைகளை வழிக்குக் கொண்டுவர ஆண்டவன் சார்ட் கொடுத்து அனுப்புவதில்லை. கூட எழுந்து நடக்க ஒரு ஆளைத்தான் அனுப்புகிறான். அந்த ஆள் நமக்குப் பிடித்த ஆளாக இருக்கவேண்டும் என்று அவனுக்குக் கட்டாயம் ஒன்றுமில்லை.

விஜயராணி தூங்குகிற நேரத்தில் கீதா எழுந்துவிடுவாள். குழாயில் தண்ணீர் வருவது விடியற்காலையில்தான். பிள்ளை ஊரிலிருந்து ஆந்தையாகத் திரும்பிய கொஞ்ச நாளிலேயே, ஏணியில் இறங்கியதும் அவள் ஜன்னல் கம்பியில் விரலால் தட்டத் தொடங்கினாள். தமன்னா எழுந்து வருவாள். கையில் ஒரு சின்னக் குடம். இரண்டு பேரும் தண்ணீர் பிடித்துவிட்டு, முக்கில் இருக்கிற பிள்ளையார் கோயில் வரைக்கும் நடப்பார்கள். ஐயர் மணி அடிப்பதற்குள் போய்ச் சேர்ந்தால் கயிற்றைத் தமன்னா கையில் கொடுப்பார். அந்த மணிக்காகவே பிள்ளை எழுந்தாள்.

வியாழக்கிழமை தற்செயலாகக் கண் விழித்த விஜயராணி, ஈரப் பாவாடையோடு குடம் சுமந்து வந்த மகளைப் பார்த்தாள்.

"என் பிள்ளை என்ன உனக்கு வேலைக்காரியா? இங்கிலீஷ் மீடியம் படிக்கிற பிள்ளைய குடம் தூக்க வச்சிருக்கா பாரு, ஊர்மூட்டை!"

கீதா குடத்தை வாங்கிக் கீழே வைத்தாள். மறுநாள் ஜன்னலில் தட்டவில்லை.

சனிக்கிழமை டீச்சரிடமிருந்து போன் வந்தது. விஜயராணி பிள்ளைக்காகப் பழைய மொபைலை வீட்டிலேயே வைத்துவிட்டு வேலைக்குப் போயிருந்தாள். லீவு ஹோம்வொர்க்கில் பாதிகூட முடிக்காத தமன்னா, திரையில் டீச்சர் பெயரைப் பார்த்ததும் போனை நெருப்பைத் தொட்ட மாதிரி சித்தி கையில் போட்டுவிட்டு ஓடினாள். கீதா "ஹாங் ஜி, ஹாங் ஜி" என்று நாலு தடவை ஆமாம் போட்டுவிட்டு வைத்தாள்.

"அக்கா, திங்கக்கிழமை ஏழே முக்காலுக்குக் கேட்டப் பூட்டிருவாங்களாம்."

"ஏழே முக்கால்னா நல்லதாப்போச்சு," என்றாள் விஜயராணி. காலை ஷிஃப்ட் இவ்வளவு தாமதமாகவா தொடங்கும் என்று ஒரு நிமிஷம் தோன்றியது. ஆனால் விடியற்காலையில் எழ வேண்டாம் என்கிற சந்தோஷம் அந்தச் சந்தேகத்தை மிதித்துக்கொண்டு போனது. யாரை அவள் ஒரு விஷயத்திலும் நம்பியதில்லையோ, அவளை இந்த ஒரு விஷயத்தில் மட்டும் நம்பினாள்.

*

திங்கட்கிழமை விடியற்காலை. விஜயராணியின் தூக்கத்துக்குள் முதலில் வந்தது ஆபிதாவின் குரல்.

"என்ன கீதா, உங்க வீட்டு மகாராணி இன்னும் எந்திரிக்கலையா? பிள்ளை மட்டும் ஷூ போட்டு வாசல்ல உக்காந்திருக்கு?"

"அது பழக்கத்துல தானா எந்திரிச்சிருச்சு ஆபிதாக்கா. இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல கெடக்குல்லா? ஏழே முக்காலுக்குத்தான கேட்டு?"

"யாரு சொன்னா? பௌனே சாத்!"

"அதத்தான நானும் சொல்லுதேன். பௌனான்னா முக்கா. சாத்துன்னா ஏழு. ஏழே முக்கா."

ஆபிதாவின் குரல் உயர்ந்தது.

"அடியே, பௌனே சாத்னா ஆறே முக்கால்டி! ஏழாக இன்னும் கால் பாக்கின்னு அர்த்தம்! ஓடிப்போயி எழுப்பு அவள! நான் அதீபாவ நடத்தியே கூட்டிட்டுப் போறேன், நீங்க டாக்ஸி பிடிங்க!"

கதவு அதிர்ந்தது. விஜயராணி எழுந்து வந்தபோது நைட்டிமேல் துப்பட்டா, தலையில் பாதிக் கொண்டை. தமன்னா யூனிஃபார்மில், தலை சீவி, பையை மாட்டிக்கொண்டு நின்றாள். தூங்கிக்கொண்டிருக்க வேண்டிய பிள்ளை எப்படித் தயாராக நிற்கிறது என்று கேட்க விஜயராணிக்குத் தோன்றவில்லை. அவள் கண்ணுக்குக் கீதா மட்டும்தான் தெரிந்தாள்.

"அக்கல் நஹி ஹை க்யா? புத்தி கெட்டுப்போச்சா? மூணு வருஷமா இந்த ஊரு தண்ணியக் குடிக்கியே, மணி பாக்கக்கூடத் தெரியாதா உனக்கு?"

"காய்க்காரன் பௌனா கிலோன்னா முக்கா கிலோதான் போடுதான்க்கா. அதான்..."

"காய்க்காரன்! என் பிள்ளை படிப்ப நீ காய்க்கடைத் தராசுல வச்சு நிறுத்தியா?" எதிர்வீட்டு ஜன்னல்கள் திறந்தன. விஜயராணிக்கு அது இன்னும் வசதியாகப் போயிற்று. "நல்லாக் கேட்டுக்க. இனி என் பிள்ளைய நீ எழுப்பவும் வேண்டாம், தொடவும் வேண்டாம். காலையில நாங்க ரெண்டு பேரும் வீட்ட விட்டுப் போற வரைக்கும் உன் மூஞ்சியே எங்க கண்ணுல படக்கூடாது. மேலயே கெட!"

"சரிக்கா," என்றாள் கீதா. பிறகு மெதுவாக, "குறுக்குச் சந்துல போவாதீங்க. முழங்கால் தண்ணி நிக்கி."

விஜயராணி அதற்காகவே குறுக்குச் சந்தில் கால் வைத்தாள். முழங்கால் தண்ணீர் நின்றது. திரும்பிச் சுற்றிக்கொண்டு ஓடினாள்.

மெயின் ரோட்டில் டாக்ஸி கிடைத்தது. பள்ளிக்கூடத்து வாசலில் இறங்கும்போது வாட்ச்மேன் இரும்புக் கேட்டை இழுத்துக்கொண்டிருந்தான். முக்கால் பாகம் மூடியாயிற்று. மீதிக் கால் பாகத்தில் ஆபிதா நின்றிருந்தாள். மகளின் ரெயின்கோட்டுப் பொத்தானைப் போட்டு, கழற்றி, மறுபடி போட்டு, அந்த இடத்தை விட்டு நகராமல்.

"பாபி, ஜல்தி கரோ நா!" என்று வாட்ச்மேன் அவசரப்படுத்தினான்.

"ஏக் மினிட் பையா, பட்டன் டூட் கயா," என்றாள் ஆபிதா. பிய்ந்துவிட்டதாகச் சொன்ன அந்தப் பொத்தானுக்கு ஒரு கேடும் இல்லை.

தமன்னாவும் அதீபாவும் கைகோத்து உள்ளே ஓடினார்கள். கேட் மூடியது.

விஜயராணி மதில்மேல் சாய்ந்து மூச்சு வாங்கினாள். மூச்சு வந்ததும் அவள் முதலில் சொன்னது நன்றி அல்ல. "பாத்தியா ஆபிதா, அந்தப் பாகல், அந்தக் கிறுக்கி பண்ணின காரியத்த?"

"அவ என்ன பண்ணினா? காதால இந்தி கேட்டா, மனசால தமிழ்ல கூட்டினா. ஏழும் முக்காலும் ஏழே முக்கால். நம்ம கணக்குப்படி சரிதான?" ஆபிதா குடையை உதறினாள். "நான் நிக்காஹ் முடிஞ்சு வந்த புதுசுல, பௌனே பாராவுக்கு விருந்துன்னாங்க. பன்னண்டே முக்காலுக்குப் போயி நிக்கேன். பந்தி முடிஞ்சு இலைய எடுத்தாச்சு. இன்னைக்கு வரைக்கும் எங்க மாமியார் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாக."

"நீ படிச்சவ. அவளும் நீயும் ஒண்ணா?"

"அப்ப நான் ஒண்ணும் படிச்சவளா தெரியலையே விஜயா," என்று சொல்லிவிட்டு ஆபிதா நடந்தாள்.

*

வீடு திரும்பும் வழியில்தான் தண்ணீர் ஞாபகம் வந்தது. கடைசி நேரத்தில் எழுந்து பிடிக்கிறவள் இன்றைக்குப் பிடிக்கவில்லை, குழாய் நின்றிருக்கும். வாசலில் அவளுடைய நீல டிரம் காலியாகக் கிடக்கும். இன்றைக்குச் சமையலுக்கும் தண்ணீர் இல்லை, இதையும் அந்த ஊர்மூட்டை கணக்கில்தான் எழுதவேண்டும் என்று திட்டிக்கொண்டே வந்தாள்.

டிரம்மின் மூடியைத் தூக்கினாள். தண்ணீர் விளிம்பு வரைக்கும் நின்றது.

ஏணிக்கு அடியில் கீதாவின் டிரம் இருந்தது. விரலால் தட்டினாள். வெற்று டிரம் கொடுக்கிற சத்தம் கொடுத்தது. இரண்டையும் நிரப்ப நேரம் போதவில்லை போலிருக்கிறது. ஒன்றைத்தான் நிரப்பியிருக்கிறாள்.

மேலே பார்த்தாள். மேலறைக் கதவு சாத்தியிருந்தது.

"செஞ்ச தப்புக்குப் பரிகாரம்," என்று விஜயராணி தனக்குத்தானே உதட்டைச் சுழித்துக்கொண்டாள். அந்தத் தண்ணீரில்தான் அரிசி கழுவினாள்.

மதியம் தமன்னா பையை எறிந்துவிட்டுச் சோற்றுத் தட்டின் முன் உட்கார்ந்தாள்.

"அம்மா, க்ளாஸ்ல பாதிப் பேரு தூங்கி விழுந்தாங்க தெரியுமா! பக்கத்துல ஒரு பையன் பெஞ்சிலேயே குறட்டை! டீச்சர் என்னைப் பாத்து, நீ மட்டும் எப்படி ஃப்ரெஷ்ஷா இருக்கன்னு கேட்டாங்க."

"ஃப்ரிட்ஜ்ல சார்ட் ஒட்டிருக்கோம்னு சொன்னியா?"

"சார்ட்டா?" பிள்ளை ஃப்ரிட்ஜைத் திரும்பிப் பார்த்தது. அப்படி ஒன்று அங்கே இருப்பதே அப்போதுதான் தெரிந்த மாதிரி. "இல்லம்மா. சித்தி சொல்லிக் குடுத்ததச் சொன்னேன். தூக்கம் வரலேன்னா கண்ண மூடிட்டு நம்ம சந்துல முதல் வீட்டுலேர்ந்து நடக்கணும். ஒவ்வொரு வீட்டு வாசல்லயும் நின்னு, விளக்க அணைச்சாச்சா, எல்லாரும் சாப்பிட்டாச்சான்னு கேக்கணும். பிள்ளையாரே, இவங்கள நல்லாப் பாத்துக்கன்னு சொல்லிட்டு அடுத்த வீடு. நான் இன்னைக்கு வரைக்கும் நம்ம வீட்டுக்கு வந்து சேந்ததே இல்ல. ஆபிதாம்மா வீட்டுக்கிட்டயே தூங்கிருவேன்."

"போதும் உன் சித்தி புராணம். சோத்தத் தின்னு."

"சித்தி ஏம்மா இன்னைக்கு மேலயே இருக்கா?"

விஜயராணி குழம்பு ஊற்றினாள்.

*

சாயங்காலம் கடையில் மழைக் கூட்டம். செம்பூரில் பெரிய பில்டிங்கில் இருக்கிற ஒரு அம்மாள், காரை ஓரமாக நிறுத்தச் சொல்லிவிட்டு, புடவை நனையாமல் தூக்கிப் பிடித்தபடி உள்ளே வந்தாள். பிள்ளைக்கு ஸ்கூல் திறந்துவிட்டது, ராத்திரி தூக்கமே இல்லை, தூங்க வைக்க ஏதாவது சிரப் இருக்கிறதா என்று இந்தியில் கேட்டாள்.

டாக்டர் சீட்டு இல்லாமல் கொடுக்கமுடியாது என்று சொல்லிவிட்டு விஜயராணி சும்மா இருந்திருக்கலாம். வாய் கேட்கவில்லை.

"மருந்து எதுக்கு மேடம்? கண்ணை மூடிக்கொண்டு உங்கள் பில்டிங்கில் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் போய் நின்று, எல்லாரும் சாப்பிட்டாயிற்றா என்று மனதுக்குள் கேட்கச் சொல்லுங்கள். பாதி மாடி ஏறுவதற்குள் தூங்கிவிடுவான்."

நல்ல சுத்தமான இந்தியில்தான் சொன்னாள். அந்த அம்மாள் அவளை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்தாள். பிறகு பக்கத்தில் நின்றவரிடம் உதட்டைச் சுழித்துச் சிரித்துக்கொண்டே, "இன் காவ்வாலோன் கி பாத் சுனோ," என்றாள், பட்டிக்காட்டுப் பேச்சைக் கேளுங்கள் என்கிற மாதிரி. விஜயராணியிடம் திரும்பிக் கேட்டாள்: "நீ எந்தக் கிராமத்திலிருந்து வந்தாய்?"

தாராவியில் பிறந்தவளுக்கு அதற்கு ஒரு பதில் இருந்தது. நாக்கு நுனியில் மூன்று மொழியிலும் இருந்தது. ஆனாலும் அவள் அந்தச் சுழித்த உதட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். எங்கேயோ பார்த்த உதடு. காலையில் டிரம் பக்கத்தில் நின்றபோது தன் முகத்தில் இருந்ததும் அதுதான்.

வீட்டுக்கு வந்தபோது ஏணிக்கு அடியில் புதிதாக நாலு கோணிச் சாக்கும் ஒரு சுருள் கயிறும் கிடந்தன.

"சுடலை கொண்டாந்து போட்டுட்டு மேல போனான்," என்றான் பூலோகம். விக்ரோலி கம்பெனிக்கு நைட் ஷிஃப்ட் கிளம்பிக்கொண்டிருந்தான். "கல்யாண்ல ரூம் முடிஞ்சிட்டாம். ஞாயித்துக்கிழமை போறாங்களாம். உனக்குச் சந்தோசந்தான?"

அவள் டிபன் பாக்ஸை மூடிக் கையில் கொடுத்தாள்.

*

செவ்வாய்க்கிழமை அவளை மொபைல் எழுப்பவில்லை. அது அடிக்க இன்னும் நேரம் இருந்தது. சந்தின் கோடியில் குழாய் இருமுகிற சத்தம் கேட்டது. முதலில் காற்று, பிறகு தண்ணீர்.

அவள் காத்திருந்தாள். இந்த நேரத்துக்கு ஏணியில் மெட்டிச் சத்தம் இறங்கவேண்டும். இறங்கவில்லை. சுடலைக்கண்ணன் முதல் ரயிலுக்குப் போய்விட்டிருந்தான். மேலே பலகை ஒருமுறை கிரீச்சிட்டது. கீதா தூங்கவில்லை. எழுந்து உட்கார்ந்திருக்கிறாள். நாங்கள் வீட்டை விட்டுப் போகும் வரைக்கும் கீழே வரக்கூடாது என்று சந்தில் வைத்துச் சொன்ன சொல்லை, ஒரு எழுத்து விடாமல் காப்பாற்றிக்கொண்டிருக்கிறாள்.

அவள் இறங்குகிற நேரத்தில் குழாய் நின்றுபோயிருக்கும். நேற்றும் அந்த டிரம் காலி. இன்றைக்கும் காலி.

விஜயராணி எழுந்து கதவைச் சத்தமில்லாமல் திறந்தாள். சந்தில் யாருமில்லை. மழை விட்டிருந்தது. குழாயில் ஹோஸை மாட்டி, தன் டிரம்மைத் தாண்டிக் கொண்டுபோய், ஏணிக்கு அடியில் இருந்த டிரம்முக்குள் விட்டாள். வெற்று டிரம்மில் தண்ணீர் விழுந்தால் மேலே கேட்கும். அதனால் குனிந்து, தோள் வரைக்கும் கையை உள்ளே விட்டு, ஹோஸின் நுனியை அடியில் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். தண்ணீர் சத்தம் போடாமல் ஏறியது. மணிக்கட்டுக்கு வந்தது, முழங்கைக்கு வந்தது. இடுப்பு கடுத்தது. தலைக்கு மேலே, ஏணியின் இடுக்கு வழியாக, சாத்திய கதவின் அடியில் ஒரு கோடு வெளிச்சம் தெரிந்தது.

முக்கில் கோயில் மணி அடித்தது. இன்றைக்கு அந்தக் கயிற்றை இழுக்கச் சின்னக் கை ஏதும் இல்லை.

டிரம் நிரம்பியது. மூடியைப் போட்டு, கீதா வைக்கிற மாதிரியே மக்கைக் கவிழ்த்து வைத்தாள். சுற்றிலும் சிந்தியிருந்த தண்ணீரைத் துணியால் ஒற்றி எடுத்தாள். பிறகு ஹோஸைத் தன் டிரம்மில் போட்டாள். பாதி நிரம்பும்போது குழாய் மெலிந்து நின்றது. போதும் என்று நினைத்துக்கொண்டாள்.

கோணிச் சாக்கில் ஒன்று நனைந்திருந்தது. அதை மட்டும் எடுத்துக் கம்பியில் காயப்போட்டாள். கயிற்றைத் தொடவில்லை.

உள்ளே போய், ஜன்னலின் உள்பக்கத்தில் நின்று, கம்பியில் விரலால் இரண்டு முறை தட்டினாள்.

தமன்னா கண்ணைத் திறக்காமலே சிரித்தாள். "வந்துட்டேன் சித்தி."